கைவிடப்பட்ட ரயில் பாதையில் காட்டுப்பூ நடை: குமரி மாவட்டத்தில் அப்படி ஒரு பாதை உண்டா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 15

வெளிநாடுகளில் ரயில் ஓடாமல் விட்ட பழைய பாதைகளில் இளவேனில் காலத்தில் காட்டுப்பூக்களைப் பார்த்தபடி மணிக்கணக்காக நடக்கிறார்கள். நான் நாகர்கோவிலில் வசிக்கிறேன். நம் மாவட்டத்திலும் அப்படி ஒரு பாதை எங்காவது இருந்தே தீரும் என்று நினைக்கிறேன். சித்திரை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

பிப்ரவரி 15, இரவு

இல்லை. திருவிதாங்கூரில் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு 1918-இலேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் அங்கிருந்து தெற்கே நம் பக்கம் வர அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி வழித்தடம் 1979-இலும் நாகர்கோவில், திருநெல்வேலி வழித்தடம் 1981-இலும் திறக்கப்பட்டன. இரண்டும் தொடக்கத்திலேயே அகலப் பாதைகள். மற்ற மாவட்டங்களில் மீட்டர் பாதையை அகலப்படுத்தும்போது வளைவுகளை நேராக்கி, பழைய மண்கரையை அப்படியே விட்டுச் செல்வார்கள். நமக்கு மீட்டர் பாதையே இருந்ததில்லை என்பதால் விட்டுச் செல்லவும் ஒன்றும் இல்லை.

ஆனால் உங்கள் கேள்வியை ‘ரயில்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுப் படித்தால் விடை மாறுகிறது. போக்குவரத்துக்காக வெட்டப்பட்டு, போக்குவரத்து நின்றுபோய், இரு கரையிலும் செடிகொடி மண்டிக் கிடக்கும் நீண்ட வழி ஒன்று நம்மிடம் இருக்கிறது. குளச்சல் பக்கத்தார் ஏ.வி.எம். கால்வாய் என்று சொல்லும் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய்தான் அது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை வள்ளங்களில் சரக்கு கொண்டுபோவதற்காக 1860-இல் தொடங்கப்பட்ட திட்டம் அது. குமரிமுனை வரை அது ஒருபோதும் போய்ச் சேரவில்லை. பத்மநாபசுவாமி, இங்கிலாந்து ராணி, குளச்சலில் டச்சுக்காரர்களை வென்ற மார்த்தாண்ட வர்மா ஆகிய மூவரின் பெயரையும் ஒன்றாகச் சுமக்கிறது.

பிப்ரவரி 16

கால்வாய் எப்படி ரயில் பாதைக்கு ஈடாகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தண்ணீரும் ரயிலும் மேடேற விரும்பாதவை. இரண்டுக்குமே நிலத்தைச் சமமாக வெட்டியும் நிரப்பியும் கரை எழுப்ப வேண்டும். அந்தக் கரையில் கலப்பை படாது, வீடும் எளிதில் எழாது. போக்குவரத்து நின்ற பிறகு வெட்டிச் சுத்தம் செய்கிறவர்களும் வருவதில்லை என்பதால் அக்கம்பக்க வயலிலும் தோப்பிலும் களையென்று பிடுங்கி எறியப்படும் செடிகள் எல்லாம் அங்கே வந்து ஒதுங்கிக்கொள்கின்றன.

ரயிலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது விதையைச் சுமந்து செல்லும். ஆக்ஸ்போர்டு தாவரவியல் தோட்டத்திலிருந்து தப்பிய ஒரு மஞ்சள் பூச்செடி, ரயில் பாதையின் ஜல்லியும் கரிக்கசடும் தன் பிறந்த நிலமான எரிமலைச் சரிவைப் போலவே இருக்கக் கண்டு, ரயில் வழியாகவே இங்கிலாந்து முழுவதும் பரவியது. நம் கால்வாயில் இந்த வேலையைச் செய்தது தண்ணீர். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை அதில் எவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது என்று பார்க்க விரும்புவோர் குளச்சலுக்கு வரலாம்.

பிப்ரவரி 16, மாலை

முதல் குறிப்பில் பெரிய பிழை. குளச்சல் போர் 1741-இல் நடந்தது. கால்வாய் 1860-இல் தொடங்கியது. கால்வாயின் பெயரில் இருப்பவர் 1860 வரை ஆண்ட உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. போரில் வென்றவர் வேறு மார்த்தாண்ட வர்மா. பள்ளியில் வரலாற்றுத் தேர்வில் இதே இருவரையும் குழப்பி மதிப்பெண் இழந்தவன் நான். நாற்பது ஆண்டுகளில் ஒரு முன்னேற்றமும் இல்லை.

பிப்ரவரி 19

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஓடுகிற பாதையின் ஓரமாகவே நடந்தால் என்ன என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். ரயில்வே நிலத்தில் அனுமதியின்றி நுழைவது குற்றம். அதைவிட முக்கியமாக, அந்தக் கணவாயில் காற்று அடிக்கும் நாளில் பின்னால் வரும் வண்டியின் ஓசை காதில் விழாது. நான் இளைஞனாக இருந்தபோது ஆவாரம்பூவைப் படம் எடுக்கிறேன் என்று அங்கே பாதையோரம் குந்தியிருந்தேன். தோளில் சுத்தியலுடன் தண்டவாளத்தைப் பார்த்தபடி வந்த கீமேன் ஒருவர் என் சட்டையைப் பிடித்துச் சரிவில் இறக்கிவிட்டார். அவர் அதன்பின் பேசியதை இங்கே எழுத முடியாது. அரை நிமிடம் கழித்து ரயில் போயிற்று.

ஆவாரையைப் பார்க்க ரயில் பாதை தேவையே இல்லை. ஆரல்வாய்மொழிக்கு அப்பால் முப்பந்தல் வரை சாலையோரம் முழுவதும் அதுதான்.

செங்கோட்டை, புனலூர் மலைப்பாதையைக் குறிப்பிட்டவருக்கும் இதே விடைதான். 1904-இல் திறந்த அந்த மீட்டர் பாதை, அகலப்படுத்துவதற்காக 2010-இல் மூடப்பட்டுக் காடுபோலக் கிடந்தது உண்மை. 2018-இலிருந்து அதில் மீண்டும் ரயில் ஓடுகிறது.

பிப்ரவரி 23

சொன்னவனே போய்ப் பார்க்காமல் இருப்பது முறையன்று என்று இன்று காலை ஏழு மணிக்குக் குளச்சலில் இறங்கி, கால்வாய்க் கரையைப் பிடித்து மண்டைக்காட்டை நோக்கி நடந்தேன். சாலை வழியாகப் போனால் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். கரை வழியாக எவ்வளவு என்று சொல்ல முடியவில்லை. மூன்று இடங்களில் கரை வீட்டு முற்றத்துக்குள்ளேயே போய்விடுவதால் வெளியே வந்து தெருவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் கரைக்கு வர வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் குப்பைதான். பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவே தும்பை வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்ததை மட்டும் குறித்துக்கொண்டேன். தென்னந்தோப்பு நெருங்கியதும் நிலைமை மாறியது. மூக்குத்திப்பூ ஒவ்வொன்றும் நீண்ட காம்பின் நுனியில் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தது. வேலிகளில் நீலக் காக்கணம், முடக்கத்தான், கோவை ஆகிய மூன்றும் பின்னிக் கிடந்தன. நித்தியகல்யாணி மணலைப் பொருட்படுத்தாமல் வளர்ந்திருந்தது. அதை எங்கள் வீட்டில் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி முற்றத்தில் வைக்க விடமாட்டார்கள். ஒரு பூவரசின் கீழே நேற்றைய பூக்கள் கருஞ்சிவப்பாகவும், கிளையில் இன்றைய பூக்கள் மஞ்சளாகவும் இருந்தன. ஒரே பூதான் நிறம் மாறுகிறது என்பதை அறியாமல் சிறுவயதில் அதை இரண்டு மரம் என்று நான் வாதிட்டதுண்டு.

கடல் பக்கம் ஒதுங்கும் இடங்களில் அடும்பு. ஆட்டின் குளம்பு போல நடுவில் பிளந்த இலை; ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த, புனல் போன்ற பூ. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துக் கொடியாக வருவது இதுதான் என்று தமிழாசிரியர் சொன்னபோது நான் அதை ஏதோ அரிய செடி என்று கற்பனை செய்திருந்தேன். கட்டுமரத்துக்கு அடியில் மிதிபட்டுக் கிடக்கும் அடப்பங்கொடியே அது என்று தெரிய எனக்கு இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின.

உப்புநீர் ஏறும் ஒரு வளைவில் நீர்முள்ளி நீலமாகப் பூத்திருந்தது. அதை நெருங்கிப் பார்க்கப் போய், பசுமையாகத் தெரிந்த இடத்தில் காலை வைத்தேன். அது நிலமன்று, ஆகாயத்தாமரை. முழங்காலுக்கு மேல் சேறு. செருப்பு ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பிப்ரவரி 24

தாவரவியல் படித்த நண்பர் ஒருவர் என் படத்தைப் பார்த்துத் திருத்தினார். நான் பார்த்தது நீர்முள்ளி அன்று, கழிமுள்ளி. நீர்முள்ளிக்கு முள் தண்டின் கணுவில் இருக்கும், அது நன்னீர்க் குளக்கரையில் வளரும். கழிமுள்ளிக்கு முள் இலையின் விளிம்பிலேயே இருக்கும், அது உப்பங்கழியில் வளரும். பூவுக்கு மேலுதடு கிடையாது, கீழ் உதடு மட்டுமே அகன்று விரிந்திருக்கும். என் முழங்காலில் இருந்த கீறல்களைப் பார்த்தே அது இலை முள் என்று நான் கண்டுபிடித்திருக்கலாம் என்றும் சொன்னார்.

ஒரு செருப்பை இழந்து கற்றது என்பதால் இதை இனி மறக்க மாட்டேன்.

பிப்ரவரி 26

இளவேனில் என்ற சொல்லைப் பற்றி. நம் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். பனி உருகி மண் விழிக்கும் நாடுகளில் செடிகள் பூக்கக் காத்திருப்பது வெயிலுக்கு. நம் மாவட்டத்துச் சிறுசெடிகள் காத்திருப்பது மழைக்கு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்குக் கிடைக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்த செடிகள் மார்கழியில் பூக்கத் தொடங்கி மாசியோடு ஓய்ந்துவிடும். ஆகவே காட்டுப்பூவுக்காகச் சித்திரையில் புறப்படுவது, பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் கல்யாண வீட்டுக்குப் போவதற்குச் சமம்.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்ததில், நான் சொன்னது தரையில் வளரும் செடிகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று படுகிறது. மரங்களின் கணக்கு வேறு. வேம்பும் புங்கமும் கொன்றையும் பங்குனி, சித்திரை வெயிலில்தான் பூக்கின்றன. குனிந்து பார்ப்பவர்கள் தையில் வரட்டும். அண்ணாந்து பார்ப்பவர்கள் சித்திரையில் வரட்டும்.

நாஞ்சில் நாட்டில் பயிருக்கே பூ என்றுதான் பெயர். முதல் போகம் கன்னிப்பூ, இரண்டாம் போகம் கும்பப்பூ. என் தாத்தா ‘இந்தப் பூ மோசம்’ என்று சொன்னால் அவர் நெல்லைச் சொல்கிறார் என்று பொருள். உண்மையான பூ எதைப் பற்றியும் அவர் ஒருமுறைகூடப் பேசியதாக நினைவில்லை. பூச்சந்தைக்குப் பெயர்போன தோவாளைக்காரர்களும் அப்படித்தான். அங்கே விலை இருந்தால்தான் அது பூ. நான் தும்பையைப் படம் எடுத்துக்கொண்டு வந்ததைக் கேட்ட தோவாளை உறவினர், பிச்சி என்ன விலை போகிறது என்பதை மட்டும் எனக்குத் தெரிவித்தார்.

மார்ச் 2

பேச்சிப்பாறையிலிருந்து ஜூன் 1 தொடங்கிப் பாசனத்துக்கு விடும் தண்ணீரைப் பிப்ரவரி 28 அன்று அடைப்பது வழக்கம். அடைத்த மறுநாளே அனந்தனார் கால்வாயோரம் போனேன். அங்கே கரை நல்ல கரை, நிழலும் உண்டு. கால்வாயின் உட்கரை ஈரத்தில் வளர்ந்திருந்த பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி முதலியவற்றை ஆடுகள் எனக்கு முன்பே பார்வையிட்டு முடித்திருந்தன. பூ நடைக்கு இது இரண்டாம் இடம்தான். ஆனால் சிறு பிள்ளைகள் விழுந்தாலும் நனையமாட்டார்கள் என்ற வகையில் முதல் இடம்.

மார்ச் 3

எங்கள் பக்கத்துப் பேச்சில் வரும் கைதை என்றால் என்ன என்று சென்னையிலிருந்து ஒருவர் கேட்கிறார். தாழைதான். எங்கள் பக்கம் கைதை என்போம். அதனால்தான் அன்னாசிப்பழம் இங்கே கைதச்சக்கை ஆயிற்று. கால்வாய்க் கரையில் கைதைப் புதர்கள் நிறைய உண்டு. பூ மழைக்காலத்தில்தான் வரும். இப்போது கிடைப்பது முள் மட்டுமே.

மார்ச் 9

‘உண்மையிலேயே ரயில் இருந்து, இல்லாமற்போன இடத்தில் நீங்கள் நடந்ததே இல்லையா’ என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். நடந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதம் தனுஷ்கோடியில். 1914-இல் பாம்பன் பாலத்தோடு அங்கே ரயில் வந்தது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரும் பாதையும், அந்த நேரத்தில் வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் போயின. இப்போது இடிந்த கட்டடங்கள் நிற்கின்றன. பாதை ஓடிய மணல்மேட்டில் அடும்பு படர்ந்திருந்தது. இராவணன் மீசை உருண்டைகள் காற்றில் உருண்டன. அது தவிரச் செடி என்று சொல்ல அதிகம் இல்லை.

அழகாக இருந்தது. ஆனால் என்னோடு வந்திருந்த அம்மா அங்கே பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க மறுத்துவிட்டார். ‘ஆள் செத்த இடத்தில என்ன பூ பாக்க, வா மக்கா’ என்றார். அப்போது எனக்கு அது மூடநம்பிக்கையாகத் தோன்றியது.

மார்ச் 16

இரண்டாம் முறை குளச்சல் கரைக்குப் போய் வந்தேன். முதல் நடையைப் பற்றி எழுதியதில் நான் ஓர் ஊரின் பெயரைச் சொல்லாமல் கடந்துவிட்டேன். அதை மறைக்க நினைத்து அல்ல, பூவைப் பார்த்துக்கொண்டு போனதால் கவனிக்கவே இல்லை என்பதுதான் உண்மை, அது இன்னும் மோசம்.

கொட்டில்பாடு. கடலுக்கும் கால்வாய்க்கும் இடையில் இருக்கும் மீனவ ஊர். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்தபோது மக்கள் கடலுக்கு எதிர்த் திசையில் ஓடினார்கள். எதிரே இருந்தது இந்தக் கால்வாய். அதைக் கடக்க முடியாமல் அதற்குள்ளேயே பலர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் அதிகம். இது மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் மூன்று வாரங்களுக்கு முன் ஆகாயத்தாமரையைத் தரை என்று நினைத்துக் கால் வைத்ததை ஒரு வேடிக்கையாக இங்கே எழுதினேன்.

இன்று காலையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னை அழைத்து, எதைப் படம் எடுக்கிறேன் என்று கேட்டார். பூவை என்றேன். அவர் கோபப்படவில்லை. அடப்பங்கொடியைக் காட்டி, சுனாமி முடிந்து முதலில் முளைத்தது இதுதான் என்றார். மணலைப் பிடித்து வைப்பது இந்தக் கொடிதான், இதை வெட்டிவிட்டுக் கல்லைக் கொட்டுகிறார்கள் என்றார். பிறகு கால்வாயைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். ‘இதுக்கு அந்தப் பக்கம் ஓடினவன் நான். என் கூட ஓடினவங்க இந்தப் பக்கம்’ என்றார். மேலே ஒன்றும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் வலைக்குத் திரும்பிவிட்டார்.

முதல் நாள் நான் ‘போக்குவரத்து நின்றுபோன வழி’ என்று எழுதியது வள்ளங்களைப் பொறுத்தவரை சரி. ஆனால் கேள்வியின் தலைப்பில் இருக்கும் ‘கைவிடப்பட்ட’ என்ற சொல்லை இந்தக் கரைக்கு நான் இனி பயன்படுத்தப் போவதில்லை. இங்கே துணி உலர்கிறது, வலை காய்கிறது, பிள்ளைகள் இதன் மேல் நடந்துதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். மாசிக் கொடைத் திருவிழா நாட்களில் மண்டைக்காட்டு அம்மன் கோயிலுக்கு நடப்பவர்களில் சிலரும் இந்தப் பக்கமாகவே வருகிறார்கள். கைவிட்டது கால்வாயை வெட்டியவர்கள்தான்.

அம்மாவிடம் தனுஷ்கோடியைப் பற்றி இன்று மறுபடியும் பேசினேன். அவருக்கு அந்த நாளே நினைவில்லை.

மார்ச் 18

அப்படியானால் போகலாமா கூடாதா என்று கேள்வி கேட்டவர் கேட்டிருக்கிறார். போகலாம். ஊருக்குள் நுழைகிற மனிதர் போலப் போங்கள், பூங்காவுக்குள் நுழைகிறவர் போல வேண்டாம். முற்றத்தைக் கடக்கும்போது ஒரு சொல் கேட்டுவிட்டுக் கடங்கள். பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் விடாமல் உட்பக்கமாக நடத்துங்கள். பச்சையாகத் தெரிவதெல்லாம் தரை அல்ல என்பதை என் செருப்பைச் சாட்சியாக வைத்துச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 14

சித்திரை விஷு. காலையில் பூவும் பழமும் வைத்த கனித் தட்டைக் கண்டு, பிள்ளைகளுக்குக் கைநீட்டமாகக் காசு கொடுத்து முடித்துவிட்டுப் பத்து மணிக்கு மண்டைக்காட்டுப் பக்கத்திலிருந்து தலைகீழாக, குளச்சலை நோக்கி நடந்தேன். தரை நான் சொன்னது போலவே காய்ந்துவிட்டது. தும்பை இல்லை, மூக்குத்திப்பூ ஈரமுள்ள இடங்களில் மட்டும். நெருஞ்சி மஞ்சளாகச் சிரித்துக்கொண்டிருந்தது, முள்ளைப் பின்னர் தருவதற்காக. கழிமுள்ளி இன்னும் பூத்திருந்தது. இந்த முறை தூரத்திலிருந்தே வணங்கினேன்.

நான் எதிர்பார்த்துப் போனது கொன்றை. ஒரு வளைவில் நல்ல மரம் ஒன்று உண்டு. போய்ப் பார்த்தால், கை எட்டும் உயரம் வரை ஒரு கொத்துகூட இல்லை. முந்தைய நாளே ஊரார் எல்லாரும் கனி வைக்க ஒடித்துச் சென்றுவிட்டார்கள். எங்கள் வீட்டுக் கனித் தட்டில் இருந்த கொத்துக்கு நேற்று வடசேரியில் பணம் கொடுத்திருந்தேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. உச்சிக் கிளைகளில் மட்டும் பொன் சரம் சரமாகத் தொங்கியது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவனிடம், சைக்கிளில் வந்த ஒரு பையன், ‘மாமா, ஏறிப் பறிச்சுத் தரட்டா?’ என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ‘அப்போ என்னத்துக்குப் பாக்கீங்க?’ என்றான்.

ஏப்ரல் 15

நேற்று எழுத விட்டுப்போனது: அடும்பு பார்க்க வேண்டுமானால் காலை வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். நான் பத்து மணிக்கு மேல் தொடங்கியதால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை சுருண்டுவிட்டிருந்தன. கேள்வி கேட்டவர் தம் பிள்ளைகளோடு வரும் ஞாயிறு போகிறாராம். மூத்த பெண்ணுக்குப் பூவைவிடக் கால்வாயில்தான் ஆர்வமாம், கன்னியாகுமரி வரை ஏன் வெட்டி முடிக்கவில்லை என்று கேட்கிறாளாம். அதற்கும் இந்த இழையிலேயே யாராவது பதில் எழுதட்டும். மன்னர் பெயர்களில் நான் இனி வாய் திறப்பதாக இல்லை.